பெண்ணையாற்றின் மேல்கோடியில் வட்ட வீடுகள்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் கடலூரைச் சூழ்ந்த வெள்ளம் கடலூரில் பெய்த மழையால் மட்டும் வந்ததல்ல. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் பெண்ணையாற்றோடு திருக்கோவிலூரைத் தாண்டி, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மறித்து, கடைசியில் கடலூரின் வடக்குப் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. கரையோரத்துக்காரர்களான நாங்கள் ஊத்தங்கரை என்ற பெயரை அந்த வாரம்தான் அக்கறையோடு உச்சரித்தோம்.

அந்த ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளோடு எங்களுக்கு இன்னும் பழைய உறவு ஒன்று உண்டு. வட தமிழகத்தில் மனிதர்கள் முதன்முதலாக வீடு கட்டி, மாடு வளர்த்து, விதை விதைத்து ஓரிடத்தில் தங்கியதற்கான சான்றுகள் பெரும்பாலும் தென்பெண்ணையின் மேல்படுகையில் கிடைக்கின்றன. மயிலாடும்பாறை, தொகரப்பள்ளி, கப்பலவாடி, முள்ளிக்காடு, பையம்பள்ளி என்று தொல்லியல் நூல்கள் அடுக்கும் புதிய கற்கால ஊர்கள் எல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரத்துக் குன்றடிகளில் இருக்கின்றன. அங்கே வட்டமான குடிசைகளிலும் வாழ்ந்தார்கள். ஆற்றின் வாயில் பிறந்தவன் அதன் தலைப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் சிதம்பரத்திலிருந்து புறப்பட்டேன்.

சிதம்பரத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. நாலு பக்கமும் கருங்கல்லின் மேல் கோபுரம் எழுப்பிய கோயிலில், நடராசர் நிற்கும் சிற்சபை மட்டும் இன்றும் மரக்கட்டமைப்பில் நிற்கிறது. முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்தான் என்று சோழர் செப்பேடுகள் சொல்லும் கூரை அது. 21,600 பொன்னோடுகள் என்பது தீட்சிதர்கள் சொல்லும் கணக்கு. பொன்னை மனத்தால் நீக்கிவிட்டுப் பார்த்தால் கீழே இருப்பது ஒரு குடிசையின் உருவம்: மரக்கால்கள், அவற்றின் மேல் வளைந்து இறங்கும் கூரை. கல்லில் எதையும் கட்டக்கூடிய செல்வமும் தச்சரும் இருந்த காலத்திலும், உள்ளே இருக்கும் மிகப் புனிதமான இடத்துக்குக் குடிசையின் உருவம் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த உருவம் வட்டமல்ல, நீள்சதுரம்தான். ஆனால் மரமும் கூரையுமாக வாழ்ந்த காலத்தின் நினைவு கோயிலுக்குள் இவ்வளவு தெளிவாக நிற்பதைப் பார்த்த பிறகு, அந்தக் காலத்துக்கும் முன்னால் போகும் ஆசை எனக்குக் கூடியது.

கடலூர் ஒரு காலத்தில் வேறு அளவில் இருந்தது. 1993 வரை தென்னார்க்காடு ஒரே மாவட்டம். கடலூர் அதன் தலைநகர். இன்றைய விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அதற்குள் அடங்கியிருந்தன. கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் அப்படியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை திருவண்ணாமலை வட்டமும் கடலூர்க் கச்சேரிக்கே வரி கட்டியது. மாவட்டத்தின் கையேட்டை 1878-இல் எழுதிய ஜே. எச். கார்ஸ்டின், திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கற்திட்டைகளையும் நெடுங்கற்களையும் பற்றிக் குறிப்பெழுதியிருக்கிறார். 1906-இல் புதிய விவரச்சுவடியைத் தொகுத்தவர் டபிள்யூ. பிரான்சிஸ். இந்த இருவரின் எழுத்திலும் கடற்கரையும் மலையும் ஒரே கதையின் பகுதிகளாக வருகின்றன. மாவட்டங்கள் பிரியப் பிரிய அந்தப் பார்வையை நாம் இழந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று கடலூரின் தொன்மை என்றால் தேவனாம்பட்டினத்துக் கோட்டையும், ரோமானிய வாணிபக் காலத்துப் பானை ஓடுகளும் மணித் தொழில் தடயங்களும் கிடைத்த காரைக்காடும் மட்டும்தான் பேச்சில் வருகின்றன.

நகரத்தை விட்டு மேற்கே திரும்பியதும் கேப்பர் மலை. மலை என்பது பேச்சு வழக்கு. செம்மண் மேடு என்பதே பொருத்தம். கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயரிட்ட பாறையின் மேல் விளிம்பு அது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் விளைவது இந்த மேட்டில். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடப்பது இதன் அடியில். பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் ஈமத்தாழிகளும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானைகளும் கிடைத்ததால் மாநிலத் தொல்லியல் துறை 2024-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. முந்திரித் தோப்புக்கு நடுவே நின்று பார்த்தபோது ஒன்று புரிந்தது. இந்த மண்ணில் கடினமான கல் இல்லை. இறந்தவரைப் புதைக்கத் தாழி செய்தார்கள். மலைப்பக்கத்தார் பாறைப் பலகைகளால் அறை கட்டினார்கள். கோடரி செய்யத் தகுந்த டோலரைட் கல்லும் இங்கே கிடையாது. அது கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் கறுப்புப் பட்டைகளாகப் பூமியைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இரும்பு வருவதற்கு முன்பு காட்டைத் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கல் இருக்கும் இடத்தில்தான் வாழ வசதி. புதிய கற்கால ஊர்கள் மேலே குவிந்திருப்பதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

திருக்கோவிலூரை நெருங்கும்போது நிலம் மாறிவிடுகிறது. ஆற்று மணலுக்குள்ளிருந்து பாறைகள் தலைகாட்டுகின்றன. அருகே ஜம்பையில் ஒரு குகைத்தளம். அதில் அதியமான் நெடுமான் அஞ்சி துறவியருக்கு அளித்த கொடையைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஆற்றின் மேல்படுகையில் ஆண்டவன் கீழ்ப்படுகையில் பெயர் பொறித்திருக்கிறான் என்றால், பெண்ணையின் கரை ஒரு பெருவழியாக இருந்திருக்கிறது. அரசர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மாடுகள் அந்த வழியைப் போட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். கோடையில் புல்லைத் தேடி ஆற்றோரமாக இறங்குவதும் மழைக்கு முன் மேட்டுக்கு ஏறுவதும் மந்தைகளின் வழக்கம்.

சாத்தனூர் அணைக்கு அருகே மோட்டூர் இருக்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கல்வட்டங்கள். அவற்றில் தோள்கள் இரண்டும் வளைந்து விரிந்த மனித உருவக் கற்பலகை ஒன்று, ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. இரும்புக் காலத்து ஈமச்சின்னம். அதன் முன் நின்றால் பேச்சு வராது. இன்னும் மேலே கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் ஒரு குன்று முழுவதும் கற்திட்டைகள் நிறைந்திருக்கின்றன. உச்சி வட்டமாகச் செதுக்கிய பலகைகள் அவற்றைச் சூழ்ந்து நிற்கின்றன. இந்த வட்டாரத்தில் இவற்றைச் சாவுச் சின்னம் என்று யாரும் சொல்வதில்லை. குள்ளர் வீடு, வாலியர் வீடு, மோரியர் வீடு என்கிறார்கள். வீடு என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. இறந்தவருக்குக் கட்டிய வட்டம், வாழ்ந்தவர் இருந்த வட்டத்தைப் பார்த்துக் கட்டியதாக இருக்கலாம். அது என் ஊகம்.

ஆனால் ஊகமில்லாத ஒரு வருத்தமும் உண்டு. ஈமச்சின்னங்களுக்கு வேலி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, செய்தித்தாளில் படம் வருகிறது. அவற்றைக் கட்டியவர்களும் அவர்களுடைய முன்னோர்களும் வாழ்ந்த வீடுகளையும் உழுத நிலத்தையும் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர். கல்லறை பெரிய கல்லால் ஆனது; தானே கண்ணில் படும். வீடு மண்ணாலும் கம்பாலும் ஆனது. நாலாயிரம் ஆண்டு கழித்து அதிலிருந்து மிஞ்சுவது தரையில் சில குழிகளும் ஒரு சாம்பல் திட்டும்தான்.

செங்கத்தில் நீண்ட நேரம் நிற்கவில்லை. நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு மலைவழி சொல்லும் மலைபடுகடாம் இந்த நிலத்தின் பாட்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கிருஷ்ணகிரி வரை பயணம் போகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது. தினைப்புனமும் காவல் பரணும் பாட்டுக்குள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில் விளைச்சல் தொடங்கிவிட்டது.

ஊத்தங்கரையில் ஒரு தேநீர்க் கடையில் வயதான அம்மா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அய்யோ, உங்க ஊருல வெள்ளமாமே அன்னிக்கு. எல்லாம் இங்க பேஞ்ச மழைதாம்பா. எங்க ஏரி ஒடைஞ்சி ரோட்டுல நின்ன வேனையெல்லாம் உருட்டிக்கினு போச்சு” என்றார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மயிலாடும்பாறை பர்கூர் வட்டத்தில், தொகரப்பள்ளிக்கு அருகே இருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் உருண்டைப் பாறைகள் அடுக்கிய சாதாரணக் குன்று. ஏறினால் வேறு உலகம். பாறைகளுக்கு நடுவே ஒதுங்க நிழல், மழைநீர் தேங்கும் சுனை, பாறை முகப்பில் வெண்மையும் செம்மையுமான பழைய ஓவியங்கள். ஒரு தட்டைப் பாறையில் நீள்வாக்கில் வழவழப்பான பள்ளங்கள். கற்கோடரியைத் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றிய இடம் அது. டோலரைட் கல்லை முதலில் உடைத்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு சிறு கொத்தாகக் கொத்திச் சமப்படுத்துவார்கள். கடைசியில் தண்ணீரும் மணலும் விட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். ஒரு கோடரிக்குப் பல நாள் உழைப்பு. பள்ளத்துக்குள் கையை வைத்துப் பார்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போகிறது.

இந்தக் குன்றைப் பேராசிரியர் கா. ராஜன் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வில் இரும்புப் பொருள் இருந்த மண்ணடுக்குக்குக் கி.மு. 2172 என்ற காலம் கிடைத்ததை 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே இரும்பைப் பற்றிப் பேசியது. அந்த அடுக்குக்குக் கீழேயும் மண் இருக்கிறது என்ற செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. இரும்புக்கு முந்தைய புதிய கற்காலம் இங்கே கி.மு. 2200-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. எனக்கு அந்தக் கீழடுக்கே பெரிய செய்தி. இரும்பு ஒரு நாளில் வானத்திலிருந்து விழவில்லை. கொள்ளும் சிறுதானியமும் விளைத்து, மாடு வளர்த்து, பானை வனைந்து, சூளையின் சூட்டைக் கைக்குள் வைத்திருந்த குடிகளிடம் வந்து சேர்ந்தது.

அங்கிருந்து பையம்பள்ளி. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்தியத் தொல்லியல் துறையின் எஸ். ஆர். ராவ் இங்கே 1964-65-இலும் 1967-68-இலும் அகழ்ந்தார். லோத்தல் துறைமுகத்தை வெளிக்கொண்டுவந்த அதே ராவ். தமிழகத்தில் புதிய கற்கால மனிதர் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்பதை நாம் முதலில் தெளிவாகக் கண்டது அவர் தோண்டிய குழிகளில்தான். கெட்டியான இயற்கை மண்ணை வெட்டிப் பள்ளமாக்கிய குழிவீடுகள். சில வட்டம், சில நீள்வட்டம், சில நீள்சதுரம். சுற்றிலும் கம்பு நட்ட குழிகள். மேலே புல்லோ தழையோ வேய்ந்த கூரை இருந்திருக்க வேண்டும். உள்ளே அடுப்பு, அரைக்கும் கல், சாம்பல் நிறத்துச் சொரசொரப்பான பானைகளின் உடைசல், மெருகேற்றிய கற்கோடரிகள். கூடவே கருகிப்போன தானியம்: கொள்ளும் பச்சைப்பயறும். கரிமக் காலக்கணிப்பு ஒன்று கி.மு. 1400-ஐ ஒட்டி வந்தது. அதன் மேலடுக்கில் இரும்பும் கருப்பு சிவப்புப் பானைகளும் இரும்பு உருக்கிய கசடும் வருகின்றன.

இன்று அங்கே பார்க்க எதுவும் இல்லை என்றுதான் பலர் சொல்வார்கள். அகழ்ந்த குழிகளை அப்போதே மூடிவிட்டார்கள், அதுதான் முறை. கொல்லை வரப்பில் நடந்தால் பானை ஓடுகள் காலில் படும். எனக்கு அது போதுமாக இருந்தது. குன்றின் சரிவு எப்படி இறங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எங்கே இருந்திருக்கும் என்று நின்று பார்க்க முடிந்தது. பக்கத்திலேயே தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலம் இருந்தாலும் ஊர் அங்கே இல்லை; சரிவில் இருந்திருக்கிறது. மழைநீர் நிற்காது, குழிவீடு நனையாது. கீழே இருக்கும் நல்ல மண்ணை வீட்டுக்கு வீணாக்கவும் வேண்டாம். இந்தத் தெளிவை ஏட்டில் படித்து வரவழைக்க முடியாது. திருப்பத்தூர் வட்டாரத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகப் பெண்ணைக்குத்தான் வருகிறது என்று நினைத்தபோது அந்தச் சரிவு எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

வட்டமாக ஏன் கட்டினார்கள்? கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூலை என்பது வீட்டின் பலவீனமான இடம். இரண்டு சுவரை அங்கே இணைக்க நல்ல மரமும் தச்சு வேலையும் வேண்டும். வட்டத்துக்கு மூலையே இல்லை. நீண்ட முகட்டு விட்டம் தேவையில்லை. கைக்கெட்டும் நீளத்தில் வெட்டிய கம்புகளை உச்சியில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் கூரை நின்றுவிடும். இரும்புக் கோடரி இல்லாத காலத்தில் பெரிய மரத்தை வீழ்த்துவது எவ்வளவு சிரமம் என்று யோசித்தால் இதன் அருமை தெரியும். ஒரே அளவு சுவருக்குள் அதிக இடம் கிடைப்பதும் வட்டத்தில்தான். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையில் ஏறியபோது கீற்றுக்கூரைகள் மூலையிலிருந்துதான் முதலில் பிய்ந்தன என்பதைக் கண்ணால் கண்டவன் நான். வட்டத்தின் குறை ஒன்றே ஒன்று: குடும்பம் பெருகும்போது அறை சேர்க்க முடியாது. பக்கத்தில் இன்னொரு வட்டம்தான் கட்ட வேண்டும். பிள்ளைக்குத் திருமணம் ஆனால் புதிய குடிசை, தானியத்துக்குத் தனிக் குடிசை, முதியவருக்கு ஒன்று என்று ஒரு குடும்பமே சிறு கொத்தாக விரியும். நீள்சதுர வீடு பரவியபோது மாறியது சுவர் மட்டுமல்ல, ஒரே கூரைக்கடியில் எத்தனை பேர், யாருடைய கைக்குக் கீழே என்பதும்தான்.

கன்னட நாட்டில் இந்த வீடுகளுக்கு இன்னும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. மார்டிமர் வீலர் 1947-இல் பிரம்மகிரியில் அகழ்ந்தார். பெல்லாரிப் பக்கத்துத் தெக்கலக்கோட்டையில் 1960-களில் எம். எஸ். நாகராஜ ராவ், குன்றின் மேல் பாறைகளுக்கு நடுவே வட்டக் குடிசைகளின் தரையைக் கண்டெடுத்தார். சுவரடியில் உருண்டைக் கற்களை வைத்துப் படல் கட்டி மண் பூசியிருந்தார்கள். அவ்வூரில் அன்றும் மக்கள் கட்டிவந்த வட்டக் குடிசைகளோடு அவர் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அதே பெல்லாரிச் சங்கனக்கல்லில் ரவி கோரிசெட்டரும் டோரியன் ஃபுல்லரும் மற்றவர்களும் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வந்த கருகிய விதைகளை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். கொள்ளு, பச்சைப்பயறு, இரண்டு வகைச் சிறுதானியப் புல் என்று தென்னிந்தியாவின் சொந்தப் பயிர்கள் முதலிடம் பிடித்தன. கோதுமையும் பார்லியும் வெளியிலிருந்து வந்து சிறிதளவு சேர்ந்தன. நெல் பிந்தியது. வேளாண்மையை யாரோ நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்ற பழைய எண்ணத்தை இந்தச் சின்ன விதைகள் அசைத்துவிட்டன. பையம்பள்ளியின் கொள்ளும் பச்சைப்பயறும் அந்த வரிசையில் அப்படியே பொருந்துகின்றன. டெல்டாவின் சம்பா நெல்லைத் தின்று வளர்ந்த எனக்கு, தமிழ் நிலத்தின் மூத்த சோறு அது அல்ல என்று உணர்ந்தது பெரிய விஷயம்.

வீடு இப்படி. வயல்? இங்கேதான் நம் அறிவில் பெரிய இடைவெளி.

ஒப்பிட்டுப் பார்க்க, இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம். அங்கே கிரிம்ஸ்பவுண்ட் என்னுமிடத்தில் ஒரு கல்மதிலுக்குள் 24 வட்ட வீடுகளின் அடித்தளங்கள் இன்றும் தரைக்கு மேலே தெரிகின்றன. அதைவிட வியப்பு, மேடுகளையும் பள்ளங்களையும் பொருட்படுத்தாமல் கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும் தாழ்ந்த கல்வரப்புகள். 1970-களில் ஆண்ட்ரூ ஃபிளெமிங் அவற்றை நடந்து நடந்து வரைபடமாக்கினார். வெண்கலக் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 1500 வாக்கில், ஒரு சமூகமே கூடித் தன் நிலத்தைப் பங்கிட்டதன் சுவடு அது என்று காட்டினார். காலத்தைக் கவனியுங்கள். டார்ட்மூரில் அந்த வரப்பு எழுந்ததும் பையம்பள்ளியில் கொள்ளு கருகியதும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டுகள். அங்கே வயல் கிடைத்தது. இங்கே ஏன் கிடைக்கவில்லை?

டார்ட்மூரில் குளிரும் ஈரமும் கூடி, மண் கெட்டு, மக்கள் மேட்டை விட்டு இறங்கிவிட்டார்கள். பிறகு அந்த உயரத்தில் யாரும் பெரிதாக உழவில்லை. கல் அப்படியே கிடந்தது. இங்கே யாரும் இறங்கவில்லை. பையம்பள்ளிச் சரிவில் இன்றைக்கும் கொள்ளு விதைக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் முன்னோர் வரப்பைப் பிரித்துத் தன் வரப்பைக் கட்டியது. நம் பழைய வயல் அழியவில்லை, நிற்காமல் புழக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் தெரியவில்லை.

கொல்லை ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் இந்த வரப்பை யார் கட்டியது என்று கேட்டேன். “கல்லு இல்லாத கொல்லை ஏது சார் இங்க? ஒவ்வொரு மழைக்கும் கல்லு மொளைக்குது. பொறுக்கி வரப்புல போட்டுக்கினே இருக்கறதுதான் வேலை. எங்க தாத்தா போட்டாரு, அவரு தாத்தா போட்டிருப்பாரு. அடிக்கல்லு எவன் போட்டான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் காட்டிய வரப்பின் அடியில் இருந்த கற்கள் மேலிருந்தவற்றைவிட மூன்று மடங்கு பெரியவை. பாசி படிந்து, பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வயது சொல்ல அது மட்டும் போதாது. ஆனால் அந்த அடிக்கல்லுக்குக் கீழே அடைபட்டிருக்கும் மண்ணில் சூரிய ஒளி கடைசியாக எப்போது பட்டது என்பதை இன்று ஆய்வகத்தில் கணிக்கலாம். அகழாய்வுக் குழிகளுக்குத் தமிழகத்தில் அந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கொல்லை வரப்புக்கும் பயன்படுத்திப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஜவ்வாது மலைக்கு மறுநாள் ஏறினேன். பலாவும் புளியும் சூழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். மண்சுவரும் புல்கூரையும் குறைந்து சிமெண்டு வீடுகள் கூடிவிட்டன. ஆனால் நிலத்தைப் பிரிக்கும் முறை பழையது. ஏர் ஓடும் சமநிலம் உழவுக்காடு. ஏர் ஓடாத கற்சரிவு கொத்துக்காடு. கொத்துக்காட்டில் கையால் கொத்தி, சாமை விதைத்து, சில போகம் எடுத்ததும் காட்டுக்குத் திருப்பி விட்டுவிடுவார்கள். இன்று வனத்துறைக் கட்டுப்பாட்டாலும் பணப்பயிராலும் அது சுருங்கிவிட்டது. கற்கோடரிக் காலத்து வேளாண்மையைக் கற்பனை செய்ய நமக்கு இருக்கும் மிக நெருங்கிய உதவி இந்தக் கொத்துக்காடுதான். இந்த மக்களைக் கற்கால மனிதர் என்று சொல்வது அநியாயம்; அவர்கள் நம் காலத்தவர், கைப்பேசியில் சாமை விலை பார்க்கிறவர்கள். அவர்கள் கையில் இருப்பது, ஏரில்லாமல் சரிவில் மண் அரிக்காதபடி விளைவிக்கும் அறிவு. அதைக் கேட்டு எழுதிவைக்காமல் வெறும் பானை ஓட்டை எண்ணிக்கொண்டிருப்பது பாதி ஆராய்ச்சி.

சேர்வராயன் மலையில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டது இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபுட், ஏற்காட்டில் வாழ்ந்தவர். மலைமேல் சிறு கோயில்களில் மெருகேற்றிய கற்கோடரிகளைப் பிள்ளையாராக வைத்து வணங்குவதை அவர் குறித்திருக்கிறார். மண்ணில் கிடைத்த வழவழப்பான கல்லை, இது மனிதன் சாதாரணமாகச் செய்ததல்ல என்று உணர்ந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் போன மலையூர் ஒன்றிலும் மரத்தடியில் அப்படியொரு கல் மஞ்சள் பூசி இருந்தது. எடுத்துப் பார்க்கக் கேட்கவில்லை. அது அங்கே பத்திரமாக இருக்கிறது.

எல்லாமே அப்படிப் பத்திரமாக இல்லை. கிருஷ்ணகிரிக் கருங்கல் உலகச் சந்தைக்குப் போகிறது. குவாரிகள் குன்று குன்றாக ஏறுகின்றன. டோலரைட்தான் வியாபாரத்தில் கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுகிறது. கற்கோடரி செய்தவர்கள் தேடி வந்த அதே கல்லை இன்று மெருகேற்றி ஏற்றுமதி செய்கிறோம். மயிலாடும்பாறை போன்ற குன்றுகளுக்கு ஓரளவு கவனிப்பு இருக்கிறது. பெயர் தெரியாத அடுத்த குன்றுக்கு யார் இருக்கிறார்கள்? ஜேசிபி ஒரு மதியப்பொழுதில் சமன் செய்துவிடும் கல்வரிசை, ஒருவேளை ஒரு வட்ட வீட்டின் அடித்தளமாக இருக்கும்.

இவற்றைக் காக்கப் பெரிய பணம் தேவையில்லை. தமிழகத்தில் ஆளில்லா விமானத்தை வைத்து நில அளவை எடுக்கிறார்கள். குவாரிக் கணக்கெடுப்புக்கே எடுக்கிறார்கள். பெண்ணைப் படுகைக் குன்றடிகளை அதேபோல் ஒருமுறை மேலிருந்து படமெடுத்து, பழைய வரப்பு, கல்குவியல், பட்டி, மேடை என்று குறித்துக்கொண்டால் எதைக் காக்க வேண்டும் என்பதாவது தெரியும். அகழும் ஒவ்வோர் இடத்திலும் மண்ணைக் கரைத்து விதை தேடுவது வழக்கமாக வேண்டும். கடலூர், சிதம்பரம் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளை ஒரு கோடையில் இந்த ஆற்றைப் பின்தொடர்ந்து நடக்க வைத்தால், அவர்கள் கண்டுபிடிப்பது என்னைப் போன்றவன் எழுதுவதைவிட அதிகமாக இருக்கும்.

போக விரும்புகிறவர்களுக்குக் கடலூரிலிருந்து பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, செங்கம் வழியாக ஊத்தங்கரைக்குப் பேருந்து மாறி மாறிப் போகலாம். அங்கிருந்து கிருஷ்ணகிரிப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ திரும்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் புதர் மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது. தை பிறந்து கொள்ளு பிடுங்கி முடிந்த பிறகு போங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது சரிவைப் பாருங்கள்; உச்சிவெயிலில் கண்ணுக்குப் படாத கல்வரிசைக்கு அப்போது நிழல் இருக்கும். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே இறங்குங்கள். கற்கோடரியோ பானை ஓடோ கிடைத்தால் எடுத்து வராதீர்கள். அது எந்தச் சரிவில், எந்த வரப்பை ஒட்டி, எந்த மண்ணில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. இடத்தைப் படமெடுத்து, அந்த மாவட்டத்துத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள்.